சிஸ்டரின் முதுகு

செவிலியர் வேலை என்றதும் ஊசியும் மாத்திரையும் டிரிப்பும்தான் நம் நினைவுக்கு வரும். உடம்பை முறிக்கிற வேலை வேறு. படுத்த படுக்கையாக இருப்பவரின் உடம்பைத் துடைத்துவிட வேண்டும், பெட்பேன் வைத்து எடுக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், ஆள் படுத்திருக்கும்போதே அடியில் நனைந்த விரிப்பை உருவி வேறு விரிக்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பொது வார்டில் இதில் பெரும்பங்கைக் கூட இருக்கும் உறவினர்கள் செய்துவிடுவது நம் ஊர் வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினருக்கு இடமில்லை. அங்கே எல்லாம் செவிலியர் கையில்தான்.

முதுகு வலிக்கிறது என்று சொல்லும் சிஸ்டரிடம், “குனியத் தெரியாமல் குனிந்திருப்பீர்கள்” என்கிறார்கள். நியாயமில்லாத பேச்சு அது.

ஒரு காலின் எடை

மனிதக் கால் ஒன்று உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ உள்ளவரின் ஒற்றைக் கால் சுமார் 10 கிலோ இருக்கும். பக்கவாதத்தில் விறைத்துப்போன அந்தக் காலை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைக்க வேண்டும். பத்துக் கிலோ அரிசிப் பையையாவது மார்போடு அணைத்துத் தூக்கலாம். நோயாளி கட்டிலின் நடுவில் இருக்கிறார். கையை நீட்டித்தான் எட்ட வேண்டும். சுமை நம் உடம்பை விட்டுத் தள்ளிப் போகப் போக, முதுகெலும்பின் டிஸ்க்குகள் மேல் அழுத்தம் ஏறும். போதாததற்கு நோயாளி திடீரென்று துள்ளலாம், பயந்து சிஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொள்ளலாம், கால் வழுக்கிச் சரியலாம். சரிகிறவரை விட்டுவிட எந்தச் செவிலியருக்கும் மனம் வராது. முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையை 23 கிலோ என்று வைத்தது. அங்கே ஆய்வாளராக இருந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல், நோயாளிகளைக் கையாளும்போது அந்த வரம்பு சுமார் 16 கிலோதான் என்று கணக்கிட்டுச் சொன்னார். 16 கிலோவில் வயது வந்த நோயாளி யாரும் இல்லை. ஆகவே, பெரியவர் ஒருவரைத் தனியாளாகத் தூக்குவதற்குச் சரியான முறை என்று ஒன்று கிடையாது.

தூக்காதபோதும் பாரம்தான்

உடம்பு துடைத்துவிடும் நேரம் முழுவதும் அரைகுறையாகக் குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது. தலை, கைகள், நெஞ்சு, வயிறு என்று சொந்த எடையில் பாதிக்கு மேல் இடுப்புத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. கையில் இருப்பது ஈரத்துணி மட்டுமே என்பதால் இதை யாரும் பாரமாக எண்ணுவதில்லை.

சாதாரண ஃபௌலர் கட்டிலில் தலைப்பக்கமும் முழங்கால் பக்கமும் உயரும். கட்டில் முழுதாக உயராது. உயரம் மாற்றக்கூடிய கட்டில் இருந்தால், தொடங்கும் முன் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிடுங்கள். அது இல்லாத இடத்தில், நோயாளியை முதலில் உங்கள் பக்கமாக நகர்த்திக்கொண்டு துடைக்கத் தொடங்குங்கள். மறுபக்கத்துக்கு எட்டித் துடைக்காமல் சுற்றிப் போய் நில்லுங்கள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டாலே பாரம் குறையும்.

தூக்காமல் நகர்த்துவது

ஸ்லைட் ஷீட் என்கிற வழுவழுப்பான விரிப்பை அடியில் போட்டால் உராய்வு குறைந்து ஆள் எளிதாக நகர்வார். நோயாளியின் தோலும் உரசிக் கிழியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஹாய்ஸ்ட் என்கிற தூக்கும் கருவி இருக்கிறது. நோயாளியிடம் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, முடிந்தால் முழங்காலை மடக்கவும் கம்பியைப் பிடிக்கவும் சொல்லுங்கள். அவர் தரும் சிறு உதவியும் உங்கள் இடுப்புக்கு ஆறுதல்; அவருக்கும் மதிப்பு.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் காயம் வராது என்பதற்கு ஆதாரமில்லை. குனியும் முறையைப் பற்றிய பயிற்சி மட்டும் போதாது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. பிரிட்டனில் 1992-ல் வந்த விதிகள், கையால் ஆபத்தாகத் தூக்குவதை இயன்றவரை தவிர்க்கும் பொறுப்பை வேலை கொடுப்பவர் மேல் வைத்தன. பொறுப்பு இருக்க வேண்டிய இடம் அதுதான். நம் நாட்டில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் சிஸ்டரிடம் “இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டுங்கள்” என்று சொல்லும் நிர்வாகம், அந்த இரண்டாவது ஆளைத் தர வேண்டும்.

பாயில் படுத்திருக்கும் பெரியவர்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்புச் சிகிச்சைக்காகச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அங்கே நோயாளி பாயிலோ தாழ்ந்த கயிற்றுக் கட்டிலிலோ இருக்கலாம். நின்றபடி குனிவதைவிட, மடித்த போர்வை மேல் மண்டியிட்டு அருகில் உட்கார்ந்து செய்வது நல்லது. பழைய பருத்திப் புடவையை மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்தலாம். அன்றாடம் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ இதைக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் முதுகுக்கும் இதே ஆபத்துதான்.

உடனே கவனிக்க வேண்டியவை

சாதாரண இடுப்பு வலிக்கு நாள்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டாம். மெல்ல நடமாடுவதே குணமாக்கும். வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப்போனால், மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பாதம் தொய்ந்தாலோ, மலசலம் அடக்க முடியாமலோ சிறுநீர் வராமலோ போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலையில் முதுகு பிடித்துக்கொண்டால் எந்த நேரத்தில், எந்த நோயாளியை நகர்த்தும்போது, உடன் யார் இருந்தார்கள் என்பதை அன்றே வார்டு பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இது பணியில் வந்த காயம் என்று பின்னால் காட்ட அந்தத் தாள் வேண்டியிருக்கும்.