கல்வெட்டில் காணும் சோழப் பெருமாட்டியர்

முற்காலப் பெண்டிர் அடுப்பங்கரையை விட்டு அகலாதவர் என்னும் பேச்சு கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்றும் காதில் விழுவதுண்டு. உயர்குடிப் பெண்டிரைப் பொறுத்தவரை அது முழு உண்மை அன்று என்பதற்குச் சோழர் கல்வெட்டுகளே சான்று.

கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவியார். 957-ஆம் ஆண்டளவில் கணவர் மறைந்தபின் நாற்பது ஆண்டளவு வாழ்ந்து, செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்தார். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையார் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன்னும் அணிகளும் செப்புத் திருமேனிகளும் வழங்கினார். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் மட்டுமின்றிச் சமணர்க்கும் கோயில் கண்டார். தஞ்சையில் ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் அளித்தார். இவை கைப்பொருளும் அதனை வழங்கும் உரிமையும் உடையார் செயல்கள் அல்லவா? பெரிய கோயிற் கொடைகளைக் கல்லில் வெட்டுவிக்க ஆணையிட்ட மன்னன், தன்னை அடுத்து ‘அக்கன்’ என்று தமக்கையையே குறிக்கிறான்; தேவியர் அதன் பின்னரே இடம்பெறுகின்றனர்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. குந்தவையாரின் தாய் வானவன் மாதேவியார், கணவர் சுந்தர சோழர் இறந்தபோது உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. ஒரே குடியில் கைம்மை உற்ற ஒருவர் நெடுங்காலம் அறம் வளர்த்தார்; மற்றொருவர் தீயிற் புகுந்தார்.

1025-இல் கடாரம் கொண்ட இராசேந்திரனை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், அவன் அத்தையையும் பாட்டியையும் உடன் உரைத்தால்தான் அவ்வரலாறு நிறைவுறும்.