பால் கணக்கு நோட்டில் ஒரு கவிதை

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் ஜில்லா கெங்கவல்லிக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்ததும், வீட்டுக்காரப் பெண்மணி தயங்கித் தயங்கி ஒரு பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். கடைசிப் பக்கங்களில் சின்னச் சின்ன வரிகள். மரவள்ளிக் காட்டில் களை வெட்டும்போது அடிக்கிற வெயில், வெளியூர் போன மகன், இப்படி.

"எதுகை மோனை ஒண்ணும் தெரியாதுங்க. இதைக் கவிதைன்னா சிரிப்பாங்க, இல்லீங்களா?" என்றார்.

நீங்களும் இப்படி ஒரு நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படியுங்கள்.

சீரையும் தளையையும் விட்டு வசன கவிதை எழுதிப் பார்த்தவர் சாட்சாத் பாரதியார். யாப்பு தெரியாமலா எழுதினார்? அதையும், அமெரிக்கக் கவி வால்ட் விட்மனையும் படித்து மனத்தைப் பறிகொடுத்தார் கும்பகோணத்துக்காரர் ந. பிச்சமூர்த்தி. 1934-ல் 'மணிக்கொடி'யில் எழுதினார். பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள்.

பிறகு வந்தார் சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கி, புதுக் கவிதைக்குக் கதவைத் திறந்துவிட்டார். திரிகோணமலையிலிருந்து தருமு சிவராம் என்ற இளைஞர்கூட அதில் எழுதினார். 1962-ல் 24 பேருடைய 63 கவிதைகள் 'புதுக்குரல்கள்' என்று புத்தகமாயின. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு செல்லப்பா கல்லூரி கல்லூரியாக அலைந்தார். மனைவியின் நகைகளும் இந்த முயற்சியில் கரைந்தன என்பார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டாமா?

1970-ல் 'எழுத்து' நின்றது. மறு வருஷமே கோவையில் 'வானம்பாடி' பிறந்தது. அந்தக் கூட்டத்தில் நம் சேலத்துத் தமிழ்நாடனும் உண்டு.

விதி போய்விட்டதே, இனி எழுதுவது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்! எதுகை தாளிப்பு மாதிரி. பருப்பு வேகாவிட்டாலும் தாளித்த மணத்தில் கொஞ்சம் மறைந்துவிடும். தாளிக்காமல் இலையில் ஊற்றுகிறவளுக்குத்தான் பருப்பு நன்றாக வெந்திருக்க வேண்டும். ஓசைக்காக வந்து உட்கார்ந்த சொல் ஒன்றுகூட அங்கே தங்க முடியாது.

இதைத்தான் கெங்கவல்லி அம்மாளிடமும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி, மகனைப் பற்றிய வரிகளைத் திரும்பப் படித்தார். 'ஐயகோ' என்று ஒரு சொல் இருந்தது.

"இது சினிமாவிலே கேட்டதுங்க. நான் இப்படிச் சொல்றதில்லை" என்று சிரித்தபடியே பென்சிலால் அடித்தார்.