இரும்புக்கு வெளிவாசல் இல்லை

"கிளினிக்கில தந்த குளிசைய ஒரு நாளும் விடாமக் குடிக்கிறன், இன்னும் இரத்தம் ஏறுதில்லயே" – உயிரியல் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் பலர். கேட்பது பெரும்பாலும் பெண்கள். சிலர் குளிசையைக் குறை சொல்வார்கள், சிலர் தம்மையே நொந்துகொள்வார்கள். ஆனால் விஷயம் குடற்சுவரிலுள்ள ஒரு சிறு கதவில் இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் உடம்பிலுள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். உணவிலிருந்து நாளொன்றுக்கு உள்ளே வருவது 1 அல்லது 2 மி.கி. புதிய செங்குருதிக் கலங்களைச் செய்யவோ 20 மி.கி. அளவில் தேவை. மீதி எங்கிருந்து? பழையதிலிருந்துதான். ஏறத்தாழ 120 நாள் ஓடித் தேய்ந்த செங்கலங்களை மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள விழுங்கிக் கலங்கள் உடைத்து, இரும்பைக் கழற்றித் திருப்பித் தருகின்றன. பழைய இரும்புக்கடை வியாபாரம் மாதிரி.

மேலதிக உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இரும்பை வெளியேற்ற அப்படியொரு ஏற்பாடு உடம்பில் இல்லை. உதிரும் கலங்களோடும் சிந்தும் இரத்தத்தோடும் போவது மட்டுமே. (மாதவிடாயும் பிள்ளைப்பேறும் பெண்களை ஏன் இப்படி வாட்டுகின்றன என்பது இதனால் விளங்கும்.) கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு கலங்களைச் சிதைக்கக்கூடியது. ஆகவே, உள்ளே விடும்போதே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று ஏற்றம் கொண்டது. அந்த வடிவில் அது கலத்துக்குள் நுழையாது. முன்சிறுகுடற் கலத்தின் மேற்பரப்பிலுள்ள நொதியம் ஒன்று அதை இரண்டு ஏற்றமாக்கியதும், டீ.எம்.டி.1 என்ற புரதம் உள்ளே எடுக்கிறது. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி இதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீயோ இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எங்கட வீடுகளில் இதைச் சொன்னால், இரும்பை விட்டாலும் பிளேன்டீயை விடமாட்டார்கள்!

உள்ளே வந்த இரும்பு இன்னும் இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரிட்டின் என்ற புரதக் கூடு, 4500 அணுக்கள் வரை அதைப் பூட்டிவைக்கும். அல்லது கலத்தின் மறுபக்கத்திலுள்ள பெரோபோட்டின் என்ற கதவால் அது இரத்தத்தில் இறங்கும். கதவு மூடியிருந்தால், சில நாட்களில் அந்தக் குடற்கலமே உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும்.

கதவை மூடுவது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின். 25 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் பொருள். அது பெரோபோட்டினில் ஒட்டியதும் கலம் அந்தக் கதவையே உள்ளிழுத்து அழித்துவிடுகிறது. சேமிப்பு நிறைந்தால் ஹெப்சிடின் கூடும். தொற்றும் அழற்சியும் இருந்தாலும் கூடும், கிருமிக்கும் இரும்பு வேண்டுமே! நாட்பட்ட நோயுள்ளவர் குளிசை குடித்தும் இரத்தம் ஏறாததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஒரு குளிசையே அடுத்த நாள்வரை ஹெப்சிடினை உயர்த்தக்கூடும். இரும்பு குறைந்த இளம் பெண்களிடம் சுவிஸ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாள் தவறாமல் குடித்தவர்களைவிட ஒன்றுவிட்டொரு நாள் குடித்தவர்களுக்கே கூடுதலாக உறிஞ்சப்பட்டது. உங்கள் கணக்கை டொக்டரே தீர்மானிக்கட்டும்.

இரத்தத்தில் இரும்பைச் சுமப்பது திரான்ஸ்பெரின், ஒரு தடவைக்கு இரண்டு அணு. தேவையுள்ள கலம் அதைச் சுமையோடு உள்வாங்கி, அமிலமான பையொன்றுக்குள் இரும்பைக் கழற்றிக்கொண்டு, வெறும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடும்.

குருநாகல் பக்கம் அதிகம் காணப்படும் தலசீமியாவில் கதை தலைகீழ். செங்கலங்களைச் சரிவரச் செய்யமுடியாத என்பு மச்சை, ஹெப்சிடினைக் குறைக்கும்படி ஈரலுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தபடி கிடக்கும். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தமும் இன்னும் 200 மி.கி. வரை கொண்டுவரும். வெளிவாசல் இல்லாததால் அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. மருந்தால் பிடித்து வெளியேற்றவேண்டும். அந்தப் பிள்ளைக்கு வெளிறிய முகத்தைப் பார்த்து இரும்புக் குளிசை வாங்கிக் கொடுப்பது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பது. செங்கலங்கள் சிறுத்திருப்பது இரும்புக் குறைவிலும் தலசீமியாவிலும் ஒரே மாதிரித்தான் தெரியும். குளிசை தொடங்குமுன் பெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.