இடுப்பு வலிக்கு மாத்திரை மட்டும்தான் வழியா?



மாதக் கூட்டம் முடிந்து பாயை விட்டு எழும்போது கவனித்துப் பாருங்கள். ஒருத்தர் சுவரைப் பிடிப்பார். ஒருத்தர் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடிப்பார். "அம்மாடி" என்று முழங்காலில் கையை ஊன்றி எழுபவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். "என்னக்கா, வலியா?" என்று நாங்கள் கேட்டால், "வயசாச்சுல்ல கண்ணு" என்பார்கள். வயசு என்னவென்றால் 42!

நம் குழு அக்கா ஒருவர் நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் தினம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு நாள் மலம் கருப்பாகப் போய் மயங்கி விழுந்துவிட்டார். வயிற்றில் புண், உள்ளே ரத்தக் கசிவு. ஆடு வாங்க எடுத்த உள்கடன் முழுவதும் ஆஸ்பத்திரிக்கே போனது. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் வயிறும் கெடும், சிறுநீரகமும் கெடும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அதன் பிறகுதான் அந்த அக்காவை இயன்முறை சிகிச்சைக்கு, அதாவது பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். "கரண்ட் வைப்பாங்களே, அதுவா?" என்று பயந்தார். கரண்ட் வைப்பது அதில் ஒரு சின்ன பாகம்தான். முக்கியமான மருந்து உடற்பயிற்சி.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் பாரம் ஏறினால் கயிறு தொய்ந்து போகும், இழுத்துக் கட்ட வேண்டும். முதுகெலும்பைத் தாங்குகிற தசையும் அப்படித்தான். மணிக்கணக்கில் குனிந்தே நின்றால் அது களைத்துப் போகிறது. வலி என்று படுத்தே கிடந்தாலும் தசை இன்னும் தளர்ந்து போகும். வலி அதிகமான ஓரிரு நாள் பாரமான வேலையைக் குறைக்கலாம். நடமாட்டத்தை நிறுத்தக் கூடாது.

களை எடுக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்புக்குப் பின்னால் வைத்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். 5 தடவை போதும். மேஸ்திரி முறைத்தால் முறைக்கட்டும், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வையுங்கள். இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி 5 எண்ணி இறக்குங்கள். இப்படி 10 தடவை, காலை மாலை இரண்டு வேளையும். யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

முழங்கால் வலிக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு அமுக்குங்கள். தொடையின் முன்பக்கம் இறுகும். 5 எண்ணி விடுங்கள், இதுவும் 10 தடவை. தொடைத் தசை பலமானால் முழங்கால் மேல் விழுகிற பாரம் குறையும். கூட்டத்தில் ஊக்குநர் கணக்கு எழுதும் நேரத்தில்கூட இதைச் செய்யலாம்.

ஒரு வாரம் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று விடாதீர்கள். பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். செய்யும்போது லேசாக இழுக்கும், பரவாயில்லை. வலி சுரீரென்று ஏறினால் நிறுத்திவிடுங்கள். குடம் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். வெந்நீர் ஒத்தடம் நல்லது. சர்க்கரை இருந்து கால் மரத்திருப்பவர்களுக்குச் சூடு தெரியாது. வேறு ஆளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில வலிக்கு வீட்டுப் பயிற்சி கூடாது. இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, மரத்துப் போனாலோ, மூத்திரம் மலம் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வலி, விழுந்த பிறகு வந்த வலி, மூட்டு சிவந்து வீங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி இடது கைக்குப் பரவினால் அதை வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். அதில் வேலை பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களில் நிறையப் பேர் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்து போனவர்கள்தான். உங்கள் ஊர்த் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

அந்த அக்கா இப்போது நடவுக்குப் போகிறார். வலி முழுசாகப் போகவில்லை, மழை நாளில் கொஞ்சம் இருக்கும் என்கிறார். மாத்திரை போடுவதில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் பயிற்சியை அவரே செய்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வரும்போது ஆளுக்கொரு துண்டு கொண்டு வாருங்கள்.