கரையில் காத்திருக்கும் குழந்தை

நெய்தல் நிலத்துக்கு உரிய ஒழுக்கம் இரங்கல் என்று பழந்தமிழ் இலக்கண நூலார் வகுத்தனர். போனவரை எண்ணிக் கடலோரத்தில் வருந்தி நிற்றல் அது. சிலாபம் தொடக்கம் உடப்பு, மாம்புரி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையை ஒருமுறை கண்டு வந்தோர்க்கு, அவ்விலக்கணம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பது விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், மீனவர் பலர் படகையும் வலையையும் கொண்டு கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தங்கிவிடுகின்றனர். தந்தையர் பிரிவு இங்கே தலைமுறை தலைமுறையாக உள்ளது. கடந்த சில பத்தாண்டுகளில் தாய்மார் பிரிவும் அதனோடு சேர்ந்துகொண்டது. குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுப் பணிக்காகச் சென்ற பெண்கள் இக்கரையூர்களிலும் பலர்.

சிறு பிராயத்தில் பிரிவைக் கண்ட உள்ளம், பின்னாளில் இல்லறம் நடத்தும்போது எங்ஙனம் நடந்துகொள்கிறது? உளநூலார் இவ்வினாவை எழுப்பி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

முதலில் எழுப்பியவர்களுள் தலையாயவர் ஜோன் பௌல்பி என்னும் ஆங்கிலேய வைத்தியர். இலண்டனில் 1907இல் வசதியான குடும்பமொன்றிற் பிறந்தவர். அக்கால வழக்கப்படி தாயைவிடச் செவிலியிடமே அதிகம் வளர்ந்தார். அவருக்கு நான்கு வயதளவில் அச்செவிலி வேலையை விட்டுப் போனாள். அந்த இழப்பை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தாலும், நிலையான ஓர் அன்புறவு இல்லாவிடில் குழந்தை நலியும் என்பதே அதன் சாரம். அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ரொபேட்சன், வைத்தியசாலையிற் தாயின்றி விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். இத்தகைய குழந்தைகள் முதலில் அலறுவர், பின்பு சோர்ந்து வாடுவர், அதன்பின் அமைதியாகிவிடுவர். தாதியர் அதனைக் குணம் என்று எண்ணினர். பௌல்பியும் ரொபேட்சனுமோ அந்த அமைதியையே பெரிதும் அஞ்சினர்.

மேரி ஐன்ஸ்வேர்த் அம்மையார் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகண்டா நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று, 26 தாய்மாரின் வீடுகளில் குழந்தைகளைக் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்துச் சோதித்தார். பிரியும்போது அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே அவருக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு குழந்தை அழுதாலும் தாயின் மடியிலேறிய சற்று நேரத்தில் தேறி விளையாடப் போகும். இது உறுதியான பிணைப்பு. இன்னொன்று தாயை இறுகப் பற்றிக்கொண்டே காலால் உதைக்கும், எளிதில் ஆறாது. இது தவிக்கும் பிணைப்பு. வேறொன்று திரும்பியும் பாராமல் விளையாட்டுப் பொருளைக் கையிலெடுக்கும். இது விலகும் பிணைப்பு. விலகும் குழந்தை கவலையற்றது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பின்வந்த ஆராய்ச்சியாளர் அதன் இதயத் துடிப்பை அளந்தபோது, உள்ளே படபடப்பு இருந்ததைக் கண்டனர். நான்காவதாகக் குழம்பிய பிணைப்பு என்றொரு வகையும் பிற்காலத்திற் சேர்க்கப்பட்டது.

இது பெரியோருக்கும் பொருந்துமா? சிந்தி ஹசன், பிலிப் ஷேவர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனை அறிய நாடியது, நம்முடையது போன்ற ஒரு செய்தித்தாளின் வாசகரைத்தான்! டென்வர் நகரப் பத்திரிகையொன்றில் காதலுறவு பற்றிய வினாக்களை வெளியிட்டு, வந்த விடைகளில் 620ஐ ஆராய்ந்து 1987இல் முடிவைக் கூறினர். 56 விழுக்காட்டினர் உறுதி வகையினர். 25 விழுக்காட்டினர் விலகும் வகையினர். 19 விழுக்காட்டினர் தவிக்கும் வகையினர். தாமாக விரும்பி விடை எழுதியோரின் கணக்கு இது. ஆதலால் இதனை உலகத்து நியதியாகக் கொள்ளலாகாது.

வாடிக்குச் சென்ற கணவன் இரண்டு நாள் தொலைபேசியிற் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். உறுதியான உள்ளமுடைய மனைவி, வலையில் மீன் நிறையப் பட்டிருக்கும், வேலை மிகுதி போலும் என்று எண்ணி, மூன்றாம் நாள் தானே அழைப்பாள். தவிக்கும் உள்ளமுடையவள் இருபது முறை அழைத்து, பேசக் கிடைத்ததும் ஏசித் தீர்ப்பாள். விலகும் உள்ளமுடையவளோ, "எனக்கென்ன, வந்தால் வரட்டும்" என்று அடுப்பை மூட்டப் போவாள். கணவன்மாரிடமும் இம்மூவகை உண்டு. வீட்டுக்கு வந்தும் வாய் திறவாது வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஆடவரை நாம் கண்டதில்லையா? தவிப்பவளும் விலகுபவனும் ஒரு கூரையின் கீழ் அமைந்துவிட்டால், அவள் நெருங்க நெருங்க அவன் ஒதுங்குவான். அவன் ஒதுங்க ஒதுங்க அவள் இன்னும் நெருக்குவாள். பிணக்கு உப்பைப் பற்றியதாகவோ காசைப் பற்றியதாகவோ தொடங்கும். அடியில் கிடப்பது, "நான் அழைத்தால் நீ வருவாயா?" என்னும் குழந்தையின் வினாவே.

எனினும் குழந்தைப் பருவத்து முத்திரை அழியாதது என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. நீண்டகாலம் தொடர்ந்து நடத்திய ஆய்வுகள், அத்தொடர்பு பலரும் நினைக்குமளவு இறுக்கமானதன்று எனக் காட்டியுள்ளன. நம்பத்தக்க துணையொருவர் வாய்த்து உள்ளம் தேறியோர் பலர்.

தாய்மார்மீது பழி சுமத்தவும் இக்கொள்கை பயன்பட்டதுண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்வதை இலங்கை அரசாங்கம் 2013இல் தடுத்தது. பொருளாதாரம் நெருக்கடியிற் சிக்கிய 2022இல் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. தந்தையர்க்கு அத்தகைய தடை விதிக்கப்படவில்லை. ஈது நீதியன்று என்பதே நம் கருத்து. குழந்தை தாய் ஒருத்தியிடம் மட்டும் பிணைவதில்லை. அம்மம்மாவோ, உம்மும்மாவோ, பெரியம்மாவோ, அழைக்கும்போது வரும் எவரும் அதற்குத் துறைமுகமாகலாம். கைவிட்டுக் கைமாறி வளர்வதுதான் அதனை வருத்தும்.

இக்கரை மற்றொரு பாடத்தையும் அறியும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். ஓலைக் கொட்டில்களில் வளர்ந்த அன்றைய குழந்தைகள் இன்று தாமே பெற்றோர். வீடும் ஊரும் பறிபோனது பெருந்துயர். ஆயினும் அவர்களுட் பலருக்கு உம்மாவின் மடி பறிபோகவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அனா பிராய்ட் அம்மையார் இலண்டனிற் கண்டதும் இதுவே. குண்டுவீச்சிலும் தாயோடிருந்த குழந்தைகளைவிட, பாதுகாப்பான இடத்துக்கென்று பிரித்து அனுப்பப்பட்டோரே அதிகம் வாடினர்.

இனி, பிரிவு தவிர்க்க இயலாத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தை அழுமே என்று அஞ்சி, அது உறங்கும் வேளையிற் புறப்பட்டுப் போகும் வழக்கம் உண்டு. அழுகை மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். கண்ணை மூடினால் அம்மா மறைந்துவிடுவாள் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. பிறகு இரவில் உறங்க மறுக்கிறது. சொல்லிவிட்டு, அழவிட்டு, அணைத்துவிட்டுப் போவது மேல். போகுமுன் சில வாரங்கள், வளர்க்கப் போகிறவரிடமே உண்ணவும் உறங்கவும் பழக்குவது இன்னும் மேல்.

ஒப்பந்தம் முடிந்து, பெட்டி நிறையப் பொம்மையோடு தாய் வந்திறங்குகிறாள். பிள்ளை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. "பெற்ற பிள்ளை என்னை மறந்துவிட்டதே" என்று அவள் விம்முகிறாள். மறக்கவில்லை, தாயே! ரொபேட்சன் கண்ட அந்த அமைதிதான் இது. பிள்ளையை இழுத்து மடியில் இருத்தாமல், அம்மம்மாவையும் அகற்றாமல், அருகே இருந்தால் போதும். நாட்கள் செல்லும், வாரங்களும் ஆகலாம். பின்பு ஒருநாள் அப்பிள்ளை அழும், அடிக்கும், "ஏன் போனாய்?" என்று கேட்கும். அதன்பின் அவள் கிணற்றடிக்குப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும்.