எண்ணெய் ஊற்றுமுன் படம் எடுங்கள்

கைப்பேசியோடு இணையும் சிறு காமிராக் குழல்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது முதல், குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும் இரவுகளில் அதன் உட்புறத்தைப் படமெடுத்து வைத்தியருக்கு அனுப்பும் வழக்கம் பரவியிருப்பதும், 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு மத்திய அரசு நெறிமுறை வகுத்தபின் அது முறையான சிகிச்சைக்கு உதவுவதும், தொலைவிலுள்ள கிராமத்தாருக்குப் பேருபகாரமே. ஆனால், எனக்கு வரும் படங்கள் பலவற்றில் செவிப்பறை தெரிவதில்லை. மஞ்சள் பளபளப்பும் நடுவே ஒரு பூண்டுத் துணுக்குமே தெரிகின்றன.

ஊற்றுவதால் விளையும் விபரீதம்

வலிக்குக் காரணமான அழற்சி பெரும்பாலும் செவிப்பறைக்கு அப்பால் இருக்க, இப்பால் ஊற்றும் எண்ணெய் அங்கே எப்படிச் சென்று சேரும்? பறையில் துவாரம் இருந்தாலோ சேரக்கூடாத இடத்துக்கே அது சேர்ந்துவிடும். தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமிர்தம், காதுக்கு அன்று. அண்ணனுக்கு வாங்கி மீந்த சொட்டு மருந்தைத் தம்பிக்கு விடுகிறார்கள். துவாரமுள்ள காதில் சில மருந்துகள் கேட்கும் சக்தியையே பாதிக்கும் என்று எத்தனை முறைதான் சொல்வது! பட்ஸும் கொண்டை ஊசியும் குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். பறை சிவந்திருக்கிறது என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்குவோரும் உளர். ஓங்கி அழுத குழந்தையின் பறை அழுகையாலேயே சிவக்கும்.

படம் எடுக்கும் முறை

குழந்தையை மடியில் இருத்தித் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று வயதுக்கு உட்பட்டதாயின் காதுமடலைக் கீழ்ப்புறமாகப் பின்னோக்கியும், மூத்ததாயின் மேற்புறமாகப் பின்னோக்கியும் மெல்ல இழுத்து, குழலைப் பிடித்த கை குழந்தையின் கன்னத்தில் ஊன்றியிருக்க, முதலில் வலியில்லாத காதைப் பார்க்கவேண்டும். கன்னத்தில் ஊன்றிய கை தலையோடு சேர்ந்து அசையுமாதலால் குழல் குத்தாது. வாயிலைக் கடந்து ஆழமாக நுழைக்கலாகாது. குறும்பி மறைத்தால் மறைத்தபடியே அனுப்புங்கள். ஜுரம் எத்தனை நாள், சீழ் வடிகிறதா என்பவற்றையும் எழுதுங்கள்.

படம் போதாத வேளை

காதின் பின்புறம் வீங்கி மடல் முன்தள்ளினாலும், முகம் ஒருபுறம் கோணினாலும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டாலும் நேரே வாருங்கள். பொத்தான் பேட்டரி காதில் புகுந்திருந்தால், சில மணி நேரத்திலேயே தசையை அரித்துவிடுமாதலால், ஒரு துளியும் விடாமல் உடனே ஓடிவாருங்கள். செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்த சந்தேகம் இருந்தால், பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனை செய்வோம்.

இனி, காதுவலி வராமல் காக்கும் வழி: தாய்மார்களே, படுக்கவைத்துப் புட்டிப்பால் புகட்டாதீர்கள். தந்தைமார்களே, குழந்தை இருக்கும் வீட்டில் பீடியோ சிகரெட்டோ வேண்டாம். அரசு இலவசமாகப் போடும் நியுமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால், ஒரே ஒரு நிமிஷம், படம் எடுக்கும் மட்டுமாவது, அவரைத் தடுத்து நிறுத்துங்கள்.