பாஸ் மீன் எதைக் கடிக்கும், எப்போது கடிக்கும்?

பெருவாய் பாஸ் மீனுக்குக் கை கிடையாது. முன்னால் அசைவது இரையா, மிதந்து வந்த குச்சியா என்று சோதிக்க அதற்கு இருக்கும் வழி, வாய்க்குள் வாங்கிப் பார்ப்பதுதான். வாய் படாரென்று திறக்கிறது, செவுள் மூடிகள் விரிகின்றன, உள்ளே தண்ணீர் பாய்கிறது, தண்ணீரோடு இரையும் போய்விடுகிறது. எல்லாம் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பியும் விடும். லூர் என்னும் செயற்கை இரையை வைத்து மீன் பிடிக்கும் கலை முழுவதும், வாங்குவதற்கும் துப்புவதற்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு பொழுதை நம்பித்தான் இருக்கிறது.

இந்த மீனின் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதி. பேரேரிகளில் தொடங்கி மிசிசிப்பி ஆற்றுப் படுகை வழியாக புளோரிடா வரையிலும், தெற்கே மெக்சிகோவின் வடகிழக்கு மூலை வரையிலும் இயற்கையாகவே வாழ்கிறது. துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதே அதற்குப் பழக்கம். மூழ்கிய மரம், படகுத்துறையின் நிழல், பாசிப் படலத்தின் விளிம்பு ஆகியவை அது காத்திருக்கும் இடங்கள். அதன் உறவான சிறுவாய் பாஸ், பாறையும் குளிர்ந்த தெளிநீரும் உள்ள இடங்களை நாடும். வாயின் ஓரம் கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெருவாய், கண்ணுக்குக் கீழேயே நின்றால் சிறுவாய் என்று இரண்டையும் பிரித்துவிடலாம்.

அமெரிக்காவில் இது வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. 1967இல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சாஸின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் போட்டியை நடத்தினார், அடுத்த ஆண்டே இதற்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். பரிசுப் பணமும் தொழில்முறை வீரர்களும் வந்தார்கள், கூடவே சுவர் நிறைய லூர் தொங்கும் கடைகளும் வந்தன. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் புதியவர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார். என் கருத்தில் நிறம் கடைசியாக யோசிக்க வேண்டியது. முதல் கேள்வி தண்ணீரின் வெப்பம். மீன் எங்கே, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பவை அடுத்து வரும்.

வெப்பத்தை முதலில் வைப்பதற்குக் காரணம், மீனின் உடல் வெப்பம் சுற்றியுள்ள தண்ணீரைப் பொறுத்தது. பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே செரிமானம் மந்தமாகிவிடும், ஓடுகிற இரைக்காகச் சக்தியைச் செலவழிக்க அது விரும்பாது. அந்தக் காலத்தில் ஏற்றது ஜெர்க்பெய்ட், அதாவது ஒல்லியான சிறுமீன் வடிவில் செய்த லூர். தூண்டில் கழியின் நுனியால் இரண்டு முறை சுண்டிவிட்டு நிறுத்த வேண்டும். நல்ல ஜெர்க்பெய்ட் மேலே எழும்பாது, கீழேயும் இறங்காது, நடுநீரில் அப்படியே நிற்கும். குளிர் கூடக்கூட நிறுத்தும் நேரத்தையும் கூட்ட வேண்டும். பத்து நொடி, பதினைந்து நொடி எதுவும் செய்யாமல் இருப்பது பழகாதவருக்குப் பெரிய வேதனை. கடி விழுவதோ பெரும்பாலும் அந்த அசைவற்ற நேரத்தில்தான்.

வசந்தத்தில் தண்ணீர் பதினைந்து டிகிரியை நெருங்கும்போது மீன்கள் ஆழத்திலிருந்து கரைப்பக்கம் வரத் தொடங்கும். டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியில் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு முறை வேரூன்றியிருக்கிறது. உள்ளே குண்டுமணிகள் கலகலக்கும் தட்டையான சிவப்பு லூரை நீரடிப் புல்லின் மேல் இழுத்து வருவார்கள். புல்லில் சிக்கினால் மெல்ல விடுவிக்க மாட்டார்கள், வெடுக்கென்று பிய்த்து இழுப்பார்கள். விடுபட்ட லூர் திடுக்கிட்டுப் பாயும் அந்தக் கணத்தில் மீன் பாய்கிறது. அந்தச் சிவப்பு, வசந்தத்தில் அங்கே நடமாடும் கிரேஃபிஷ் என்னும் நன்னீர்க் கணுக்காலியின் நிறம். அதே லூரைப் புல்லில் உரசாமல் ஒரே சீராகச் சுருட்டினால் நிறம் மட்டும் பெரிதாக உதவாது.

கோடையில் மீன்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் மேல்நீரில் வேட்டையாடும் கூட்டத்துக்கு, தண்ணீர்மேல் இடமும் வலமுமாக நெளிந்து நடக்கும் சுருட்டு வடிவ லூர் போதும். ஹெட்டன் நிறுவனத்தின் ஸாரா ஸ்பூக் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. மேலே தண்ணீர் சிதறியதும் சுண்டிவிடக் கூடாது, கழியில் கனம் தெரியும்வரை பொறுக்க வேண்டும். நண்பகலில் ஆழத்துக்குப் போகும் மீன்களுக்கு நீண்ட உதடு வைத்த கிராங்க்பெய்ட் வேண்டும். தண்ணீரைத் தள்ளும் அந்தத் தகடு பெரிதாக இருந்தால் லூர் ஆழம் போகும், தூண்டில் நரம்பு மெல்லியதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். ஆனால் கோடையில் பல ஏரிகளின் அடிநீரில் உயிர்வளி குறைந்துவிடும், அந்த எல்லைக்குக் கீழே வீசுவது வீண்.

மீன் நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை ஒரே சிக்கல்தான்: எங்கே மீன் இருக்கிறதோ அங்கே முள் மாட்டிக்கொள்ளும். இதற்கான சிறந்த விடை மென் பிளாஸ்டிக் புழு. ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் 1949 வாக்கில் அதை உருவாக்கினார். பிறகு டெக்சாஸ் ரிக் என்ற கட்டுமுறை பரவியது. நரம்பில் தோட்டா வடிவ ஈயம் தளர்வாக ஓடும், அதற்குப் பின்னால் முள். முள்ளின் கூர்நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். கிளைக்குள்ளும் கோரைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய்வரும், மீன் கடித்துச் சுண்டும்போது மட்டும் கூர் வெளியே வரும். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது நரம்பைப் பார்ப்பது. புழு கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலான மீன்கள் உள்ளே வாங்குகின்றன. கையில் ஒன்றும் தெரியாது. தொங்கிய நரம்பு ஒரு துடிப்புத் துடிக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும், அல்லது தரையைத் தொடுமுன்பே இறங்குவது நின்றுபோகும். புதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு முறையைச் சொல்லித் தரலாம் என்றால் இதைத்தான் சொல்லித் தருவேன். தண்ணீருக்குள் நடப்பதைப் படிக்கக் கற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அல்லியும் தாமரையும் மூடிய நீர்ப்பரப்புக்கு உள்ளீடற்ற ரப்பர் தவளை. இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலைமேல் சிக்காமல் தாவும், மீன் கவ்வி உடல் அமுங்கும்போது முள் எழும்பும். இதற்குக் கனத்த கழியும் நீட்சியே இல்லாத பின்னல் நரம்பும் தேவை, ஏனென்றால் மீனோடு பாசியையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் விரால் பிடிப்பவர்களுக்கு இந்தத் தவளை நன்றாகவே பழகியது. கடித்ததும் பதறாமல் ஒரு நொடி விட்டுச் சுண்ட வேண்டும் என்பது இரண்டு மீனுக்கும் பொருந்தும்.

கலங்கலில் மீன் கண்ணைவிடப் பக்கவாட்டுக் கோட்டை நம்புகிறது. உடலின் இருபுறமும் ஓடும் அந்த உணர்வு வரிசை தண்ணீரின் அதிர்வைப் பிடித்துவிடும். ஸ்பின்னர்பெய்ட்டில் சுழலும் தகடு வட்டமாக இருந்தால் அதிர்வு பலமாக இருக்கும், சேற்று நீருக்கு அது. வில்லோ இலை போல நீண்டிருந்தால் மினுக்கம் அதிகம், அதிர்வு குறைவு, தெளிநீருக்கு இது. இனி நிறத்துக்கு வரலாம். பாஸின் கண்ணில் இரண்டு வகை நிற உணர்செல்கள்தான், ஒன்று பச்சைக்கும் மற்றது சிவப்புக்கும் உரியது. நீலத்தையும் கருப்பையும் பிரித்தறிய அதற்குக் கடினம், பளிச்சென்ற மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும்கூடத்தான். பெட்டியில் நீலத்தில் நான்கு சாயல் வைத்திருப்பது மனிதக் கண்ணுக்கான அலங்காரம்.

1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பெருவாய் பாஸைப் பிடித்தார், ஏறக்குறைய பத்து கிலோ. க்ரீக் சப் நிறுவனத்தின் மர லூர் ஒன்று, மூழ்கிய மரத்தடி ஒன்று, அவ்வளவுதான். எடை பார்த்த பிறகு குடும்பம் அதைச் சமைத்துச் சாப்பிட்டது. அந்தச் சாதனைக்கு 77 ஆண்டுகள் கழித்துத்தான் இணை வந்தது. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல் எடை கொண்டிருந்தது. விதிப்படி இரண்டு அவுன்ஸாவது மிஞ்ச வேண்டும் என்பதால் சாதனை இருவருக்கும் பொது. குரிட்டா பயன்படுத்தியது லூர் அல்ல, உயிருள்ள ப்ளூகில் மீன்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி. ரே ஸ்காட் 1972இலேயே தம் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். தாயகத்தில் அது சரியான வழக்கம் என்று உறுதியாக நம்புகிறேன், குறிப்பாக வசந்தத்தில். ஆண் பாஸ் தான் தோண்டிய குழியில் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் ப்ளூகில்கள் உடனே வந்து மேய்ந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு பிடிப்பதும், பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றையும் தாங்குவதும் அவசியம். ஜப்பானில் நிலைமை வேறு. 1925இல் அமெரிக்காவிலிருந்து ஆஷி ஏரிக்குக் கொண்டுபோன பாஸ் நாடெங்கும் பரவி உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்றது. பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில் பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கு விதிப்படி தடை உண்டு. அதைப் போடுவதற்கென்றே கரையோரங்களில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், ப்ளூகில்லும் அதே பெட்டிக்குத்தான் போகிறது.